11 ரூபாய் மிச்சமும் 16 லட்சம் எம்பிஏவும்

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு 26 வயது. மணப்பாறை பக்கம் ஊர். திருச்சியில் தனியார் கல்லூரியில் இ.இ.இ. முடித்துவிட்டு, ஓசூரில் மின்ஸ்கூட்டருக்கு மோட்டார் கன்ட்ரோலர் தயாரிக்கும் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் மூன்றரை வருஷமாக இருக்கிறேன். கையில் 42,000 வருகிறது. அதில் 15,000 வீட்டுக்கு அனுப்புகிறேன். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எம்.டெக்குக்கான கேட் எழுதினேன், ஸ்கோர் 548. ஐஐஎம் நுழைவுத் தேர்வில் 86 பெர்சென்டைல். ஐஐஎம் எதுவும் கூப்பிடவில்லை. பெங்களூரில் ஒரு தனியார் பி-ஸ்கூல் இடம் தந்திருக்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல் சேர்த்து 16 லட்சம், எல்லாம் லோன்தான். என் டீம் லீட் எம்.டெக் போகச் சொல்கிறார். மாமாவோ, எம்.டெக் படித்தால் வாத்தியார் வேலைதான் கிடைக்கும், எம்பிஏ படி என்கிறார். வீட்டில் கல்யாணப் பேச்சும் தொடங்கிவிட்டது.

எம்பிஏ ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் பர்சேஸில் மாஸ்ஃபெட் (கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் பாகம்) சப்ளையரை மாற்றினார்கள். ஒரு பீஸுக்கு 11 ரூபாய் மிச்சம். புது லாட் கன்ட்ரோலர்களை டைனோவில் (மோட்டாருக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் இயந்திரம்) மலை ஏற்றத்துக்கான லோடு கொடுத்து ஓட்டினால் 40 நிமிடத்தில் சூடேறி, பவரைத் தானாகக் குறைத்துக்கொள்கின்றன. பழைய லாட் இரண்டு மணி நேரம் தாங்கியது. மெயில் போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த முடிவை எடுத்த மீட்டிங்கில் நான் இல்லை. மேனேஜ்மென்ட் படித்தால்தான் அங்கே போய் உட்கார முடியும் என்று தோன்றுகிறது. சரியா சார்? இப்போதே மேனேஜரிடம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அந்த 16 லட்சம் எம்பிஏவை விட்டுவிடுங்கள். பவர் எலக்ட்ரானிக்ஸிலோ எலக்ட்ரிக் டிரைவ்ஸிலோ (மோட்டாரை இயக்கிக் கட்டுப்படுத்தும் துறை) உருப்படியான லேப் உள்ள இடத்தில் எம்.டெக் சீட் கிடைத்தால் சேருங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் இந்த வருஷம் எங்கும் போக வேண்டாம், வேலையிலேயே இருங்கள். எம்பிஏ உங்களுக்கு வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நேரம் இன்னும் வரவில்லை, வரும்போது அது இந்தக் கல்லூரியாகவும் இருக்காது.

இனி அந்த மாஸ்ஃபெட் விஷயத்துக்கு வருவோம். கேட் ஸ்கோரையும் பெர்சென்டைலையும் விட உங்களைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது அதுதான்.

என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. மாஸ்ஃபெட் ஆன் ஆகியிருக்கும்போது அதற்குள் இருக்கும் ரெசிஸ்டன்ஸை டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள், 25 டிகிரியில். பர்சேஸ்காரர் இரண்டு சப்ளையரின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். எண் ஒன்றுதான், விலை 11 ரூபாய் குறைவு, முடிந்தது. ஆனால் ஏற்றத்தில் ஓடும் கன்ட்ரோலருக்குள் 25 டிகிரி ஏது? சூடு ஏற ஏற அந்த ரெசிஸ்டன்ஸும் ஏறும். 125 டிகிரியைத் தாண்டும்போது ஒன்றரை மடங்கு, சிலவற்றில் இரண்டு மடங்கு வரை போகும். எவ்வளவு ஏறும் என்பது உள்ளே எங்கோ ஒரு வளைகோட்டுப் படத்தில் இருக்கும். சிப்பிலிருந்து வெளியே சூடு கடத்தும் திறனும் ஒவ்வொரு சப்ளையருக்கும் வேறு. ரெசிஸ்டன்ஸ் ஏறினால் இழப்பு ஏறும், இழப்பு ஏறினால் மறுபடி சூடு. கடைசியில் கன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரைக் குறைக்கிறது. 40 நிமிடத்தில் நீங்கள் டைனோவில் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதைப் பிடித்தது நீங்கள். அந்த மெயிலை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?

நீங்கள் எழுதிய மெயிலை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரி மெயில்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. "புதிய லாட் 40 நிமிடத்தில் டீரேட் ஆகிறது (பவரைக் குறைத்துக்கொள்கிறது), பழையது ஆகவில்லை, கிராஃப் இணைப்பில்" என்று இருக்கும். டெஸ்டிங் ஆள் எழுதும் ஒழுங்கான மெயில். பர்சேஸ் மேனேஜருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. அவர் கையில் இருப்பது வேறு கணக்கு. உங்கள் கன்ட்ரோலரில் 18 மாஸ்ஃபெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 பெருக்கல் 11, ஆக ஒரு கன்ட்ரோலருக்கு 198 ரூபாய். வருஷத்துக்கு 50,000 கன்ட்ரோலர் போனால் 99 லட்சம். அவருடைய அப்ரைசலில் முதல் வரியாக அதுதான் இருக்கும். அந்த வரியை உங்கள் கிராஃப் அசைக்காது.

அசைக்க வேண்டுமானால் அதே மொழியில் இன்னொரு கணக்கு வேண்டும். ஏற்காடு ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டருக்கு வந்தால், அங்கே யாரும் டேட்டாஷீட்டைப் புரட்ட மாட்டார்கள். கன்ட்ரோலரைக் கழற்றி வேறொன்றை மாட்டி அனுப்புவார்கள். வாரண்டியில் ஒரு கன்ட்ரோலர் மாற்ற, டீலரின் கூலி, போக்குவரத்து, பழைய கன்ட்ரோலரை ஆராயும் செலவு எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள் (உங்கள் கம்பெனியின் சரியான எண் வாரண்டி டீமிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்). 198ஐ 9,000ஆல் வகுத்தால் 2.2 சதவீதம். அதாவது 1,000 கன்ட்ரோலருக்கு 22 கூடுதலாகத் திரும்பி வந்தாலே அந்த 99 லட்சம் மொத்தமும் காலி. 23வது கன்ட்ரோலரிலிருந்து கம்பெனிக்கு நஷ்டம். இந்த ஒரு வரி மெயிலின் தலைப்பிலேயே இருந்திருந்தால், அன்று சாயங்காலமே உங்களுக்கு போன் வந்திருக்கும்.

எம்பிஏவில் என்ன சொல்லித்தருவார்கள் என்றால், இதைப் பெரிதாக்கித்தான் சொல்லித்தருவார்கள். காஸ்ட் அக்கவுன்டிங், ஆபரேஷன்ஸ், கொஞ்சம் ஃபைனான்ஸ். நல்ல பாடங்கள், சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்கு இன்று தேவைப்படும் அளவை நான்கைந்து வார இறுதிகளில் ஒரு காஸ்ட் அக்கவுன்டிங் பாடப் புத்தகத்தையும் உங்கள் கம்பெனி வாரண்டி ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு நீங்களே கற்றுக்கொள்ளலாம். மோட்டார் கன்ட்ரோல் தியரியை அப்படிக் கற்க முடியாது. முயன்றவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, அந்த மீட்டிங்கில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? சோர்ஸிங், குவாலிட்டி, ஃபைனான்ஸ், டிசைன். நீங்கள் சொல்லும் பி-ஸ்கூலில் ஆபரேஷன்ஸ் எடுத்து, ஆட்டோமொபைல் கம்பெனிக்கே வந்தால் முதல் வேலை பெரும்பாலும் சோர்ஸிங்கில் இருக்கும். மீட்டிங்கில் நாற்காலி கண்டிப்பாக உண்டு. கூடவே வருஷத்துக்கு இத்தனை சதவீதம் விலை குறைக்க வேண்டும் என்ற டார்கெட்டும் உண்டு. 11 ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஆள் நீங்களாக இருப்பீர்கள். ஓசூரிலிருந்து இன்னொரு பெண் உங்களைத் திட்டி எனக்குக் கடிதம் எழுதுவார்.

பாகம் மாற்றுவதை நிறுத்தி வைக்கும் அதிகாரம் டிசைன் பக்கம் இருக்கிறது. எந்த ஒழுங்கான கம்பெனியிலும் ஒரு பாகத்தை மாற்ற இன்ஜினியரிங் சேஞ்ச் நோட் போடுவார்கள், அதில் டிசைன் பொறுப்பாளர் கையெழுத்துப் போடாமல் அது லைனுக்குப் போகாது. டெஸ்டிங்கில் இருப்பவர் ரிப்போர்ட் கொடுக்கலாம், கையெழுத்து அவருடையதில்லை. டெஸ்டிங்கிலிருந்து டிசைனுக்கு வெறும் பி.இ.யோடு தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனி மாறித் தாண்டுவது கஷ்டம். "மூன்றரை வருஷம் டைனோ ஓட்டினேன்" என்று ரெஸ்யூமேயில் பார்த்தால் இன்டர்வியூ எடுப்பவர் டெஸ்டிங் வேலைக்குத்தான் கூப்பிடுவார். கன்ட்ரோல் லூப்பை டிசைன் செய்து, போர்டு போட்டு, தீசிஸாக எழுதிய எம்.டெக் என்றால் அதே ஆளை வேறு நாற்காலிக்குக் கூப்பிடுவார். டைனோ அனுபவம் அப்போது கூடுதல் பலம். படித்துவிட்டு நேராக வரும் எம்.டெக் பையன்களிடம் அது இருக்காது.

இதுவரை சொன்னது எந்தப் பக்கம் போவது என்பது. எதை முதலில் செய்வது என்பது தனிக் கேள்வி, என் பார்வையில் அதுதான் பெரியதும்கூட.

எம்பிஏவின் கதவு வயது ஏற ஏற அகலமாகிறது. ஐஐஎம் அகமதாபாத்தின் ஒரு வருஷ எம்பிஏவுக்குக் குறைந்தது 4 வருஷ அனுபவம் கேட்கிறார்கள். ஐதராபாத், மொஹாலியில் உள்ள ஐஎஸ்பி என்ற தனியார் பி-ஸ்கூலின் ஒரு வருஷப் படிப்புக்கு 2 வருஷம். ஐஐஎம் திருச்சி, வேலையில் இருப்பவர்களுக்காகவே சென்னையில் மேலாண்மைப் படிப்பு நடத்துகிறது. 33 வயதில் டிசைன் லீடாக இருந்துகொண்டு இவற்றில் ஒன்றுக்கு விண்ணப்பித்தால் உங்களுக்கு மதிப்பு இன்னும் கூடும்.

எம்.டெக் அப்படி இல்லை. லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம், ஸ்டேட் ஸ்பேஸ் மாதிரிக் கணக்குகள் எல்லாம் கையில் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்போது படிக்க வேண்டியது. 33 வயதில், வீட்டு இ.எம்.ஐ.யும் ஸ்கூல் போகும் பிள்ளையும் இருக்கும்போது, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையில் ஹாஸ்டலில் போய் இருக்கிறேன் என்று யார் கிளம்புவார்கள்? சட்டப்படி யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் நடக்காது. ஆகவே இரண்டும் வேண்டும் என்கிற ஆளுக்கு எம்.டெக் முதலில், எம்பிஏ பிறகு.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 16 லட்சம் லோன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், படிக்கும் இரண்டு வருஷத்துக்கும் அதற்கப்புறம் கிடைக்கும் ஒரு வருஷ அவகாசத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கட்டத் தொடங்கும்போது நிலுவை 20 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 26,400 ரூபாய். வீட்டுக்கு அனுப்பும் 15,000ஐயும் சேர்த்தால் 41,400. இன்று கையில் வரும் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடும், வாடகையும் சாப்பாடும் அதற்கு மேலே வரும் பணத்தில்தான். இரண்டு வருஷம் விட்ட சம்பளம் 10 லட்சத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால், வங்கியின் முன்னணிக் கல்லூரிப் பட்டியலில் இல்லாத இடத்துக்குச் சொத்து ஈடு கேட்பார்கள். மணப்பாறை வீட்டுப் பத்திரத்தை அப்பா எடுத்துக் கொடுக்க வேண்டிவரும். ஓய்வு பெற்றவரிடம் அதைக் கேட்பதற்கு முன் அந்தக் கல்லூரி அதற்குத் தகுதியானதா என்று பாருங்கள்.

பார்ப்பது எளிது. பிளேஸ்மென்ட் பிரசுரத்தில் அதிகபட்சச் சம்பளமும் சராசரியும் பெரிய எழுத்தில் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு நடுமதிப்பைக் கேளுங்கள், அதாவது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் மாணவருக்கு எவ்வளவு என்று. மொத்த மாணவர்கள் எத்தனை, பிளேஸ்மென்டுக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை என்று கேளுங்கள். இன்ஜினியரிங் அனுபவத்தோடு சேர்ந்தவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று இரண்டு பழைய மாணவர்களிடம் போனில் பேசுங்கள். கல்லூரி கொடுக்கும் நம்பர் வேண்டாம், நீங்களே லிங்க்டுஇன்னில் தேடிப் பிடியுங்கள். இவற்றில் ஒன்றுக்குக்கூட நேர் பதில் வராவிட்டால் முடிவு தெரிந்துவிட்டது.

எம்.டெக் பக்கம் செலவு குறைவு. கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் வரும் 12,400, 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். அரசு நிறுவனங்களில் ஃபீஸில் பெரும்பகுதிக்கு அது ஈடுகொடுக்கும். அதற்காக வாரத்துக்கு 8 மணி நேரம் லேப், டுடோரியல் வேலை வாங்குவார்கள், அது நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு 15,000 அனுப்ப இதில் வழியில்லை. இரண்டு வருஷத்துக்கு 3.6 லட்சம். அதைச் சேமித்து வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், சேமிப்பு சேரும் வரை ஒரு வருஷம் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை, ஏனென்றால் உங்கள் கேட் ஸ்கோர் முடிவு வந்த நாளிலிருந்து 3 வருஷம் செல்லும். ஐஐஎம் தேர்வு மதிப்பெண்ணுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். வேலையை விடவே முடியாத நிலை என்றால், வேலையில் இருந்தபடி படிக்கும் எம்.டெக்கை ஐஐடி மெட்ராஸும் பிட்ஸ் பிலானியும் நடத்துகின்றன. லேப் அனுபவம் முழுநேரப் படிப்பு அளவுக்கு இருக்காது. ஆனால் டைனோவே உங்கள் ஆபீஸில் இருக்கும்போது அது பெரிய குறை ஆகாது.

மாமாவைப் பற்றி. அவரைக் கோபிக்காதீர்கள். 2000களில் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு இன்ஜினியரிங் கல்லூரி வந்தது, பிறகு எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. அவ்வளவு கல்லூரிக்கும் ஆசிரியர் வேண்டும், அதற்கு எம்.இ. வேண்டும். அவர் பார்த்த எம்.இ. படித்தவர்கள் எல்லாரும் வாத்தியாராகத்தான் போனார்கள். அப்புறம் கல்லூரிகள் மூடத் தொடங்கியதும் அரைச் சம்பளத்தில் நின்றவர்களையும் பார்த்திருப்பார். அவர் பயம் அங்கிருந்து வருகிறது. இன்று ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இன்வெர்டர், சார்ஜர், மோட்டார் டிரைவ் செய்யும் கம்பெனிகளுக்கு டிசைன் ஆள் கிடைப்பதில்லை என்பது அவர் காதுக்குப் போயிருக்காது. டீம் லீட் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள். தான் படித்ததையே நல்லதென்று சொல்வது மனித இயல்பு.

ஆனால் மாமாவின் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. லேப் இல்லாத எம்.டெக் இன்றும் வீண்தான். சிமுலேஷனை மட்டும் ஓட்டி, பழைய தீசிஸின் தலைப்பை மாற்றி, இரண்டு வருஷத்தை ஒப்பேற்றிவிட்டு வருபவர்களை இன்டர்வியூவில் பார்க்கிறேன். "இன்டக்டர் கையால் சுற்றியிருக்கிறீர்களா? கோர் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்தாமல் துறையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிரைவ்ஸில் யார் வேலை செய்கிறார், சமீபத்தில் என்ன கட்டுரை வெளியிட்டிருக்கிறார், சிலிக்கான் கார்பைடு, கேலியம் நைட்ரைடு மாதிரிப் புதிய பாகங்களில் ஹார்டுவேர் வேலை நடக்கிறதா, கம்பெனிகள் பணம் கொடுக்கும் திட்டம் ஏதாவது உண்டா. அவரிடம் படிக்கும் ஒரு மாணவருக்கு மெயில் போட்டு, போர்டு நீங்களே போடுகிறீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

548ஐ வைத்து எங்கே கிடைக்கும் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. என்ஐடிகளுக்கான சிசிஎம்டி கவுன்சலிங் தளத்தில் ஒவ்வொரு துறைக்கும் போன வருஷம் எந்த ஸ்கோரில் சீட் முடிந்தது என்று இருக்கிறது. திருச்சி என்ஐடியில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் மற்ற அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கும் டான்கா என்ற மாநிலக் கவுன்சலிங் தனி. அதற்கும் விண்ணப்பியுங்கள்.

இங்கே ஒரு சான்றிதழ் விஷயம். நம் ஊர்ப் பிள்ளைகள் வருஷா வருஷம் இதில் சீட்டை விடுகிறார்கள். நீங்கள் பி.சி.யோ எம்.பி.சி.யோ என்றால் டான்காவுக்கு உங்கள் பழைய சாதிச் சான்றிதழ் போதும். என்ஐடி, ஐஐடி, ஐஐஎம் எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள், அங்கே அது செல்லாது. ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும், அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். "எனக்குத்தான் சம்பளம் வருகிறதே" என்று விட்டுவிடாதீர்கள். கிரீமி லேயருக்குப் பெற்றோரின் நிலையைத்தான் பார்ப்பார்கள், உங்கள் சம்பளத்தை இல்லை. அந்த இட ஒதுக்கீடு 27 சதவீதம். ஐஐஎம் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று நிரப்பினீர்கள் என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலைமையில் நான் எம்பிஏ என்று சொல்லியிருப்பேன்? கையில் ஐஐஎம் மும்பை அழைப்பு இருந்திருந்தால் யோசித்திருப்பேன். 2023 வரை நிட்டி என்ற பெயரில் இருந்த இடம், ஆபரேஷன்ஸிலும் சப்ளை செயினிலும் அதற்குத் தனி மரியாதை. அந்த வகுப்பில் வந்து ஆள் எடுக்கும் கம்பெனிகள் வேறு, கொடுக்கும் பொறுப்பும் வேறு. எம்பிஏவில் எந்தக் கல்லூரி என்பதுதான் பாதிக்கு மேல். அப்புறம், உங்கள் கடிதத்தில் டைனோவுக்குப் பதிலாக டீலரும் வாடிக்கையாளரும் நிறைந்திருந்தால், அல்லது சர்க்யூட் போதும் என்ற சலிப்பு எங்காவது தெரிந்திருந்தால், அப்போதும் எம்பிஏ என்றுதான் சொல்லியிருப்பேன். அப்படி எதுவும் தெரியவில்லை.

கல்யாண விஷயத்தில் எம்பிஏவுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் எம்பிஏவுக்கு ஏதோ ஒரு வேலை கிடைக்கும். பவர் எலக்ட்ரானிக்ஸ் டிசைன் வேலை சில ஊர்களில்தான் இருக்கிறது. மேலே சொன்ன நான்கு ஊர், புனே, இன்னும் ஓரிரண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் முதல் பேச்சிலேயே, எம்.டெக் படிக்கப் போகிறேன், அதற்கப்புறம் இன்ன ஊர்களில்தான் வேலை என்று சொல்லிவிடுவது நல்லது. அப்பாவிடம் சொல்லி அவர் வாயால் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. அதைக் கேட்டுப் பின்வாங்கும் இடம் பின்வாங்கட்டும்.

கடைசிக் கேள்வி, மேனேஜரிடம் சொல்வது. சீட் உறுதியாகும் வரை படிக்கப் போகும் பேச்சை எடுக்காதீர்கள். இப்போது சொன்னால் அடுத்த புராஜெக்ட்டிலும் இன்க்ரிமென்ட்டிலும் உங்கள் பெயரை மெதுவாக நகர்த்திவிடுவார்கள், கெட்ட எண்ணத்தில் என்று இல்லை, போகிற ஆளுக்கு எதற்கு என்றுதான். ஆனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் 30 நாளா, 60 நாளா, 90 நாளா? பாண்டு ஏதாவது போட்டிருக்கிறீர்களா? வகுப்புகள் பெரும்பாலும் ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் தொடங்கும். கவுன்சலிங் சுற்றுகள் ஜூலை வரை இழுக்கும். 60 நாள் என்றால் இடம் உறுதியாவதற்கு முன்பே ரிசைன் செய்ய வேண்டிய நெருக்கடி வரும். செய்யாதீர்கள். மீதி நாளுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டு விலகும் வசதி ஆர்டரில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு 60,000, 70,000 ரூபாயை இப்போதே ஒதுக்கி வையுங்கள். ரிலீவிங் லெட்டர் வாங்காமல் வராதீர்கள், இரண்டு வருஷம் கழித்து அந்த மூன்றரை வருஷ அனுபவத்தைக் காட்ட அது வேண்டும்.

இதற்கிடையில் அந்த மெயிலை மறுபடியும் போடுங்கள். இந்தத் தடவை வாரண்டி டீமிடம் எண் வாங்கி, 2.2 சதவீதம் மாதிரி உங்கள் சொந்தக் கணக்கை முதல் வரியில் வைத்து, கிராஃபை அதற்குக் கீழே வையுங்கள். டிசைன் ஹெட்டையும் நகலில் சேருங்கள்.